துப்பாக்கிக்குக் காது வைத்தவள்

சாலை பஜாரில் அலுமினியப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தைத்தான் பார்ப்பார்கள். தட்டிப் பார்ப்பார்கள், கவிழ்த்துப் பார்ப்பார்கள், சிலர் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். காதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டில் கொதிக்கிற கஞ்சியோடு அதைத் தூக்கும்போது எல்லாருடைய பத்து விரலும் அந்தக் காதை நம்பித்தான் இருக்கின்றன. இதை ஒருவரிடமாவது சொல்லாமல் விஜின் கடைத்தெருவில் ஒரு நடை முடித்ததில்லை.

காது என்று அவன் சொல்வது சருவத்துக்கும் அண்டாவுக்கும் இரண்டு பக்கமும் வைக்கிற கைப்பிடியை. அவனுடைய அப்பா யோசுவாவின் பட்டறையில் அதைத்தான் செய்தார்கள், வேறொன்றும் செய்ததில்லை. தடித்த அலுமினியப் பட்டையை அளந்து வெட்டி, வில்லாக வளைத்து, ஒரு காலை மட்டும் லேசாகப் பக்கவாட்டில் திருகி, ஓட்டை போடுவார்கள். அந்தத் திருகலில்தான் விஷயம் இருக்கிறது. தூக்குகிறவரின் விரல் சூட்டில் படாமலிருக்க வலக்காது வலப்பக்கம் சாயும், இடக்காது இடப்பக்கம் சாயும். பட்டறைச் சுவரில் இரண்டு ஆணிகள் இருந்தன. வலக்காதை ஓர் ஆணியிலும் இடக்காதை மற்ற ஆணியிலும் மாட்டிக்கொண்டே வருவார்கள். விஜின் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தோடு முகம் வைத்து, இம்மியும் விலகாமல் பொருந்துகிறதா என்று பார்த்து, ரப்பர் பேண்டு போட்டு, மொபெட்டில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோவான். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் அவன் கட்டிய ஜோடியில் குறை கண்டவர் அந்தக் கடைத்தெருவில் இல்லை.

இந்தப் பட்டறையில் ஆண்டவர் நேரில் வந்து இறக்கிவிட்டுப் போனது போல வளர்ந்தவள் விஜினின் தங்கை ஆர்ஷா. அவள் படித்தாள். பிளஸ் டூ முடித்தாள், கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தாள். ஆனால் படிக்கிற காலம் முழுக்க, வீட்டுக்கு வந்ததும் பை ஒரு மூலைக்கும் செருப்பு ஒரு மூலைக்கும் போகும், அவள் பட்டறைக்குப் போவாள். ஒன்பது வயதில் அம்மா லீலாபாயின் கஞ்சிச் சருவத்துக்கு மாங்காய் வடிவத்தில் ஒரு காது செய்து வைத்தாள். வீட்டுக்கு வருகிற யாரையும் அந்தக் காதைக் காட்டாமல் விஜின் வெளியே விட்டதில்லை. சபைப் போதகரும் பார்த்திருக்கிறார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் பார்த்திருக்கிறார். பிறகு சபை ஆர்மோனியத்தின் துருத்திக்குக் கீல், பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிகளுக்குக் கொக்கி என்று அவள் கை பட்டது நிறைய. ஒரு தடவை தெருவில் ஒரு பூனையின் கழுத்துமணிக்கு வளையம் செய்துகொண்டு அந்தப் பூனையைத் துரத்தியபடி கோட்டை வரைக்கும் ஓடியிருக்கிறாள்.

யோசுவாவுக்கு அவள் கைமேல் குறையே இல்லை. அவருக்கு வேண்டியது ஃபேன்.

"ஃபேனுக்குக் கீழ ஒரு கசேரி. அதுல எனக்க பிள்ள இருந்து வேல செய்யணும். அவ்வளவுதான்" என்பார். பட்டறையில் ஃபேன் கிடையாது. வைத்தால் அடுப்புத் தீ ஆடும். இருபத்தைந்து வருஷமாக யோசுவாவின் சட்டை காலை பத்து மணிக்கே முதுகோடு ஒட்டிவிடும். மகளுக்கு அது வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். தெரிந்தவரைப் பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலைக்குச் சொல்லி வைத்தார். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மே மாதம் அந்த வேலை வந்தே விட்டது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

ஆர்ஷா இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்தாள். அவள் அழுதால்கூட விஜினுக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் பேசாமல் இருந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை வலியசாலை அக்ரகாரத்துச் சேஷன் சாரின் மகன் சுமந்த் பட்டறைக்கு வந்தான். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். கையில் ஒரு நீளமான பை. ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

யோசுவா இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். "எனக்க கர்த்தரே! தம்பி, இது துப்பாக்கியாக்கும்!"

"பயப்படாதீங்கோ அங்கிள். விளையாட்டுச் சாமான். உள்ளே வெறும் காத்துதான். சாயம் ரொப்பின சின்ன உருண்டை வெளில வரும், மேல பட்டா உடைஞ்சு கலர் அப்பிக்கும். பெயிண்ட்பால்னு பேரு. இதை மார்க்கர்னு சொல்லுவா."

எதிரே வெற்றிலைக்கடை வைத்திருக்கும் சுப்பு கழுத்தை நீட்டினார். "யோசுவா அண்ணே, காது வைக்கிறத விட்டுட்டு காது அறுக்க எறங்கியாச்சா?"

"நீ ஒனக்க வெத்தலைக்குத் தண்ணி தெளிடே!" என்றார் யோசுவா.

சுமந்த் விஷயத்தைச் சொன்னான். வித்துராவுக்கு மேலே, ரப்பர் வெட்டிய நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து மைதானம் போட்டிருக்கிறான். பெங்களூரில் மூடிப்போன ஒரு மைதானத்திலிருந்து பன்னிரண்டு மார்க்கர்களைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறான். வாங்கிய பிறகுதான் குறை தெரிந்தது.

"இந்த விசை இருக்கோல்லியோ, ஒரு விரலுக்குன்னு பண்ணினது. வெச்சுண்டிருந்தவா சடசடன்னு சுடணும்னு ரெண்டு விரலுக்கு நீளமா மாத்திட்டா. சுத்தி ஒரு வளையம் இருக்கும், டிரிகர் கார்டுன்னு. அது புது விசைக்கு இடிச்சுதுன்னு அறுத்து எறிஞ்சுட்டா. இப்போ கிளை பட்டா வெடிக்கறது, சட்டை பட்டா வெடிக்கறது. நேத்திக்கு எங்கப்பா வேஷ்டில ஊதாக் கலர்."

யோசுவா சிரித்துவிட்டார். சேஷன் சாரை அவருக்குத் தெரியும்.

"சனிக்கிழமை டெக்னோபார்க்லேர்ந்து ஒரு கம்பெனி வரது. முதல் புக்கிங். விஷ்ணுப்ரியான்னு அவா சேஃப்டி ஆபீசர், கார்டு இல்லாத ஒண்ணைக்கூடக் கையால தொட விடமாட்டேன்னுட்டா. ஆறு பேருக்கு ஆறு பேர் ஆட்டம். பன்னெண்டும் சரியா இருந்தாத்தான் பஸ்ஸை விட்டு எறங்குவாளாம்."

"நமக்குத் தெரியாத வேல தம்பி. நாங்க காதுதான் செய்வோம்."

அதற்குள் ஆர்ஷா மார்க்கரைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடியும் விசையும் சேர்ந்த அடிப்பாகத்தில், முன்னால் நடுவாக ஒரு திருகாணித் துளை இருந்தது. பின்னால் நடுவில் காற்றுக்குழாய் ஏறுவதால், பின் துளையை வலப்பக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளாகக் கேட்காத குரல் விஜினுக்குக் கேட்டது.

"அப்பா, இதும் காதுதான். ஒரு காலு நேரா நிக்கணும், ஒரு காலு வலத்தால திருகணும். அண்டாக் காது போலத்தான் இருக்கு."

"திங்கக்கிழம ஆசுபத்திரிக்குப் போவ வேண்டிய பிள்ளைக்கு துப்பாக்கிக் காதா?"

ஆர்ஷா மார்க்கரைக் கீழே வைத்தாள். "நான் ஒத்தைக்குச் செய்யுகேன். பன்னெண்டும் கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லி சனிக்கிழம அவங்க ஏத்துக்கிட்டா நான் ஆசுபத்திரிக்குப் போவ மாட்டேன். பட்டறையிலதான் இருப்பேன். ஒண்ணு கொள்ளாதுன்னு சொன்னாலும் திங்கக்கிழம காலைல நானா பஸ் ஏறுகேன். மூஞ்சியத் தூக்க மாட்டேன்."

யோசுவா மகளைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், முதுகில் ஒட்டிய சட்டையை விரலால் இழுத்துவிட்டார். "ஒத்தைக்கு. நான் தொட மாட்டேன். இவனும் தொடப்படாது."

"நான் செக் பண்ணலாமா?" என்றான் விஜின்.

"செக் பண்ணலாம்."

விஜின் அந்த வார்த்தையைப் பெரிய பதவி போல வாங்கிக்கொண்டான்.

முதல் காதை அன்றைக்கே, சுமந்த் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆர்ஷா வளைத்துவிட்டாள். ஆடுகிறவர்கள் கையுறை போடுவார்கள் என்று சொல்லியிருந்ததால், வீட்டில் இட்லிப் பாத்திரம் இறக்குகிற துணிக் கையுறையை விஜினுக்கு மாட்டி, அவன் விரல் இரண்டும் தாராளமாக உள்ளே போய்வருகிறதா என்று பார்த்தாள். போய்வந்தது. விஜின் சுப்புவின் கடையைக் குறிபார்த்து வாயாலேயே "டப், டப்" என்றான். சுப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கட்டின்மேல் சாய்ந்தார். திருகாணி இரண்டும் முதல் முயற்சியிலேயே ஏறின. சுமந்த் திரும்பி வந்து பார்த்து, "பிரமாதம்! கம்பெனிக்காரன் வெச்ச மாதிரின்னா இருக்கு!" என்று குதித்தான். காற்றுக் கசிவு பார்க்க வேண்டும் என்று காதோடு சேர்த்து மார்க்கரையும் எடுத்துக்கொண்டு போனான். மற்ற பதினொன்றும் லாரியில் வந்துகொண்டிருந்தன. அவை நேரே வித்துராவுக்குப் போய்விடும்.

மீதிக் காதுகளை ஆர்ஷா கையில் துப்பாக்கி இல்லாமலே செய்தாள். அளவுகள் அவள் விரலில் ஏறியிருந்தன. சாணை பிடித்து, விளிம்பை உருட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒவ்வொன்றாகச் சுவர் ஆணியில் மாட்டினாள். பாடிக்கொண்டே செய்தாள். பத்து நாளுக்கான பேச்சை இரண்டு நாளில் பேசினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விஜின் சோதிக்க உட்கார்ந்தான். இரண்டு ஆணியிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தான், முகத்தோடு முகம் வைத்தான், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். மயிரிழைகூட விலகவில்லை. ரப்பர் பேண்டு போட்டான். ஐந்து ஜோடி முடிந்து ஒன்று ஒற்றையாக மிஞ்சியது.

"இதுக்க ஜோடி சுமந்த் சாருக்க கையில இருக்கு" என்று சொல்லி, அதைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தான். ஆர்ஷா தலையை ஆட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த யோசுவாவும் ஆட்டினார். சுத்தமான வேலை என்று மூன்று பேருக்கும் திருப்தி.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் கருவிப்பையோடு வித்துரா பஸ்ஸில் போய் இறங்கினார்கள். பேசின பேச்சை நேரில் பார்க்க வேண்டும் என்று யோசுவாவும் கிளம்பிவிட்டார். சுமந்த் ஜீப்பில் வந்து ஏற்றிக்கொண்டான். மைதானம் என்பது வெட்டி எஞ்சிய ரப்பர் மரக் குற்றிகளும், பழைய டயர்களும், நிறுத்தி வைத்த தார் டிரம்களும்தான். மேலே பொன்முடி பக்கம் பனிமூட்டம் இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் நின்றது. ஓலைக்கொட்டகையில் சரசம்மா என்ற பெண்மணி, தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். பெஞ்சின்மேல் பன்னிரண்டு மார்க்கர்களும் வரிசையாகப் படுத்திருந்தன. யோசுவா ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆர்ஷா முதல் ஜோடியைப் பிரித்தாள். ஒன்று ஏறியது. அடுத்ததை வைத்தாள். முன்கால் சரியாக உட்கார்ந்தது, பின்கால் துளைக்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது. திருப்பிப் பிடித்தாள். அப்படியும் வரவில்லை. அடுத்த ஜோடியைப் பிரித்தாள். ஒன்று ஏறியது, ஒன்று எதிர்ப்பக்கம்.

விஜின் மீதி ஜோடிகளின் ரப்பர் பேண்டையும் உருவினான். "நான் ஜோடி பாத்துத்தானே கட்டினேன்!"

ஆர்ஷா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். சுவரில் இருந்த இரண்டு ஆணிகளும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கண்ணிலும் வந்தன. பன்னிரண்டும் வலக்காதாக இருக்க வேண்டியவை; கை பழகியபடி வலது ஒன்று, இடது ஒன்று என்று செய்துகொண்டே போயிருக்கிறாள். மூன்று பேரும் அதை மெச்சியிருக்கிறார்கள்.

முதலில் ஆர்ஷாதான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் முடியாமல், பெஞ்சில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "அண்ணே, துப்பாக்கிக்கு ரெண்டு காது வச்சிட்டேன்!"

ஜீப்பிலிருந்து யோசுவாவின் குரல் வந்தது. "ஜோடி சேத்துருக்கா! கல்யாணத்துக்கா கொண்டு வந்தா?"

சுமந்த் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "ஐயையோ. பஸ் நெடுமங்காடு தாண்டிடுத்துன்னு இப்பத்தான் போன் வந்தது."

சிரிப்பு எப்படி வந்ததோ அப்படியே ஆர்ஷாவிடமிருந்து நின்றது. ஆறு காதுகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அடுப்பு இருக்கு. சோப்பு இருக்கா?"

"சோப்பு எதுக்கு?"

"துணி தோய்க்கிற சோப்பு, சார். ஓடுங்க!"

அலுமினியத்தைப் பச்சையாகத் திருப்பித் திருகினால் கீறல் விடும். சூடு காட்டினால் இளகும். ஆனால் இரும்பு போல அது சிவந்து காட்டாது. திடீரென்று உருகித்தான் காட்டும். அதனால் மேலே சோப்பைத் தேய்த்துத் தீயில் பிடிப்பார்கள். சோப்பு காப்பிப்பொடி நிறத்துக்கு வந்தால் போதும், எடுத்துவிட வேண்டும்.

சரசம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வழிமறித்தாள். "என் அடுப்புல கோழிதான் வேகும், துப்பாக்கி வேகாது!"

விஜின் சமாதானம் பேசப் போனவன், கழுவிக் கவிழ்த்திருந்த பாயச அண்டாவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். "ஆர்ஷா! இது நம்ம காது!"

"உங்க காதா?" என்றாள் சரசம்மா. "ஒரு வருஷமா இந்தப் பக்கம் லொடலொடன்னு ஆடுது. செஞ்சவங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!"

"காது ஆடல" என்றான் விஜின். "ஆணிதான் ஆடுது. ஆணி அடிச்சது பாத்திரக்கடைக்காரங்க. காத நல்லாப் பாருங்க, ஒரு நெளிவு உண்டா?"

"ஆணியோ கோணியோ, சரி பண்ணித் தருவியா?"

"தருவேன்!" என்றாள் ஆர்ஷா.

"அப்ப ஒரு அடுப்ப எடுத்துக்க, மோளே."

ஒரு ரப்பர் குற்றியின் தலையில் ஆர்ஷா ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டாள். அதுதான் அவளுடைய இடுக்கிப்பலகை. சோப்புத் தேய்த்த காதைக் குறடால் பிடித்துத் தீயில் காட்டுவாள். நிறம் வந்ததும் வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. குற்றியின் வெட்டில் பின்காலைச் செருகி, ஸ்பேனரைப் போட்டு, உடம்பு முழுவதையும் சாய்த்து வலப்பக்கம் ஒரு திருகு. இளகிய உலோகம் மறுபடியும் இறுக வேண்டும் என்பதால் கரண்டியின் முதுகால் மெல்ல மெல்ல ஒரு தட்டல். ஒன்று ஏறியது. இரண்டாவது ஏறியது. விஜின் தொடக்கூடாது. அதனால் பெஞ்சுக்கும் அடுப்புக்கும் நடுவில் சும்மா ஓடினான். ஓடாமல் இருக்க முடியவில்லை.

யோசுவா எப்போது ஜீப்பிலிருந்து இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அடுப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மகள் தோற்றால் அவருக்குத்தான் ஜெயம். ஆனால் தீயில் இருக்கிற பட்டையைப் பார்த்துக்கொண்டு அவரால் வாயை மூடியிருக்க முடியவில்லை.

"இடத்தால தீ அடிக்குகு."

"பேசப்படாதுப்பா."

"நான் பேசல. தீய்க்கிட்டச் சொன்னேன்."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. கடைசிக் காது தீயில் இருக்கும்போது கீழே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "மக்ளே, சோப்பு கறுக்குகு, பாத்து!" என்று யோசுவா ஒரே கத்தாகக் கத்தினார். ஆர்ஷா திடுக்கிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. காது வாட்டிய அப்பளம் போல வளைந்து, ஒரு சொட்டாக அடுப்புக்குள் விழுந்தது.

சரசம்மாவின் கோழி மட்டும் கொதித்தது.

விஜினுக்கு ஆஸ்பத்திரியின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிற தங்கை தெரிந்தாள். பன்னிரண்டில் பதினொன்று. வேறு பட்டை கிடையாது. பட்டறையில்தான் இருக்கிறது. யோசுவாவின் முகம் வாடிவிட்டது. அவர் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு பாயச அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் தொடல" என்றார் மெதுவாக. "நான் ஒண்ணையும் தொடல. யாருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கவும் இல்ல. ஆனா அந்த அண்டாவுல ஆடுகது வலக்காதாக்கும். அதையும் நான் சொல்லல."

ஆர்ஷா பாய்ந்தாள். "சரசம்மா அக்கா, ஒங்க அண்டாவுக்குப் புதுக்காது நான் வைக்கேன், சத்தியம்!"

"அடியே, பாயசம் எப்படி இறக்குறது?"

"நான் இறக்குகேன்!" என்று விஜின் கத்தினான். "நானும் அப்பாவும் இறக்குகோம்!"

சுத்தியலால் ஒரே தட்டு. ஆடிக்கொண்டிருந்த ஆணிகள் தெறித்தன, காது கையோடு வந்தது. கால் முன்பே வலப்பக்கம் திருகியிருந்தது. வில் வளைவை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி, கைத்துளைப்பானால் புதுத் துளை போட்டு, பஸ் கதவு திறக்கிற சத்தத்தோடு அவள் கடைசித் திருகாணியை முடுக்கினாள்.

விஷ்ணுப்ரியா சின்ன உருவம். குரல் மட்டும் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் மலையாளத்தில் ஆரவாரம் செய்தார்கள். இரண்டு பேர் மட்டும் கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி, ஒரு குற்றியைத் தேடிப் போய்ச் சாய்ந்தார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மார்க்கராக எடுத்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். காதை மட்டும் பிடித்துத் தூக்கி உலுக்கினாள். டிரம்மில் இடித்தாள். இடிக்கும்போதெல்லாம் விஜின் கண்ணை மூடினான். ஒன்றும் வெடிக்கவில்லை.

கடைசி மார்க்கரில் நின்றாள். "இதுல மட்டும் எதுக்கு ஓட்டை கூட இருக்கு?"

சுமந்த் வாயைத் திறந்தான். "அது வந்து, காத்து போறதுக்காக ஒரு ஸ்பெஷல்..."

"அண்டாக் காது, மேடம்" என்றாள் ஆர்ஷா. முகமெல்லாம் கரி. "நான் செய்த ஒண்ணு இப்போ அடுப்புல உருகிப்போச்சு. இது பாயச அண்டாவுல இருந்து எடுத்தது. ஓட்டை பழைய ஆணிக்கு உள்ளது. ஆனா பிடிச்சுப் பாருங்க."

விஷ்ணுப்ரியா கொட்டகைப் பக்கம் பார்த்தாள். ஒற்றைக் காதோடு அண்டா உட்கார்ந்திருந்தது. மறுபடி மார்க்கரைத் தூக்கினாள், உலுக்கினாள், டிரம்மில் இரண்டு தடவை கூடுதலாக இடித்தாள். "நாப்பது பேர் பாயசத்தைத் தூக்கினது இதைத் தூக்காதா என்ன? ஓகே. பன்னெண்டும் பாஸ்."

"அடிபொளி!" என்று பஸ்ஸில் வந்தவர்கள் கூவினார்கள். பன்னிரண்டாம் மார்க்கர் எனக்கு உனக்கு என்று அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது.

ஆர்ஷா அப்பாவைப் பார்த்தாள். யோசுவா தொண்டையைக் கனைத்தார். "முதல்ல ஆறு கொள்ளாததாத்தானே இருந்துது?"

"கொள்ளாதுன்னு யாரு சொன்னா? சுமந்த் சார் சொன்னாரா, மேடம் சொன்னாங்களா?"

யோசுவா விரல் விட்டு எண்ணத் தொடங்கியபோதே சுமந்த் ஓடிவந்தான். "ரெண்டு பேர் சுருண்டு படுத்துட்டா. ஒரு பக்கத்துக்கு ஒருத்தர் வேணும். ஆர்ஷா, நீ வா. இன்னொருத்தர் யாராவது..."

"நானா?" என்றார் யோசுவா. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் முகமூடி அதற்குள் அவர் தலையில் ஏறியிருந்தது.

விஜின் வலைக்குப் பின்னால் நின்று பார்த்தான். தன் வாழ்நாளில் இத்தனை சத்தமாக அவன் கத்தியதில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்முக்கு டிரம் பாய்ந்தார். யாரைச் சுட வேண்டும் என்று தெரியாமல் தன் பக்கத்து ஆள் ஒருவரையே மஞ்சளாக்கினார். ஆர்ஷா குற்றிகளுக்கு நடுவில் பூனை துரத்திய காலத்து வேகத்தில் ஓடினாள். அவள் கையில் பன்னிரண்டாம் மார்க்கர் இருந்தது. சண்டை போட்டவர்களே அவளிடம் கொடுத்துவிட்டார்கள். யோசுவா ஒரு டயருக்கு மேலே தலையை நீட்டினார். டப். முகமூடியின் வலது காதோரம் ஆரஞ்சு நிறம் பூவாக விரிந்தது.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். தாடையிலிருந்து சாயம் சொட்டியது. ஆட்டத்தில் செத்துப்போன மனிதருக்கு இத்தனை சந்தோஷம் கூடாது.

"கொள்ளாம்! விஜினே, அந்தக் காது கொள்ளாம்டே! ஓடி ஓடிச் சுடுகா, காதுல ஒரு ஆட்டம் இல்ல பாத்தியா!"

மத்தியானம் பாயச அண்டாவை ஒரு பக்கம் காதாலும் ஒரு பக்கம் துண்டாலும் பிடித்து அப்பாவும் மகனும் இறக்கினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசுவா ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆர்ஷாவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் காதுமடலில் ஆரஞ்சு நிறம் அப்படியே இருந்தது. போதகர் இரண்டு தடவை பார்த்தார்.

திங்கட்கிழமை காலை ஆர்ஷா குளித்துவிட்டு, எந்த உடுப்பைப் போடுவது என்று தெரியாமல் பழையதையும் புதியதையும் கட்டிலில் போட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் இல்லை. மொபெட்டும் இல்லை. விஜின் வாசலில் நின்றான். கொஞ்ச நேரத்தில் மொபெட் வந்தது. பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. யோசுவா வீட்டுக்குள் வராமல், நேரே பட்டறையைத் திறந்தார்.

"ஃபேனுக்குக் கீழ வேலன்னு ஆசுபத்திரிக்காரங்கள்ட்ட சொல்லிருந்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "இப்போ போன் போட்டு, பிள்ளைக்கு ஃபேனுக்குக் கீழ வேற வேல கிடைச்சாச்சுன்னு சொன்னேன். பொய் சொல்லப்படாதில்லா. விஜினே, ஏணிய எடு."

ஆர்ஷா பழைய உடுப்பிலேயே ஓடிவந்தாள்.

ஃபேன் அவளுடைய மேஜைக்கு நேர் மேலே ஏறியது. சுவிட்சைப் போட்டதும் அடுப்பு அணைந்தது. சாம்பல் மூன்று பேர் தலையிலும் பறந்தது. எதிர்க்கடைக்கும் போனது. "யோசுவா அண்ணே, இதுக்குத் துப்பாக்கியே மேல்!" என்று சுப்பு வெற்றிலையை உதறினார். அடுப்பை ஒரு மூலைக்கு இழுத்து, தகரத்தால் மறைப்புக் கட்டி மறுபடி மூட்டினார்கள். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் மூட்டினார்கள்.

அந்த அமளிக்கு நடுவே விஜின் ஓர் ஆணியை எடுத்தான். சுவரில் இருந்த இரண்டுக்கும் சரிநடுவை நூல் பிடித்து அளந்து, குறி போட்டு, ஜோடி இல்லாத காதுக்கென்று மூன்றாவது ஆணியை அடித்தான். சரசம்மாவுக்கு வைக்க வேண்டிய வலக்காதைச் செய்து முடித்ததும் ஆர்ஷா அதை எங்கே மாட்டுவது என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு அந்தப் புது ஆணியில் மாட்டிவிட்டு, ஃபேனின் வேகத்தை இன்னும் ஒன்று கூட்டினாள்.